பெயர் எழுதாத வட்டம்

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, மெஷினைப் பற்றி நான் உங்களுக்கு ஒன்றும் சொல்லப்போவதில்லை. நான் ஓய்வுபெற்ற பிறகு வந்திறங்கிய மெஷின்களின் பெயர்கூட என் வாயில் நுழையவில்லை. எந்த ஜீனில் எந்த எழுத்து மாறியிருக்கிறது என்று அதுவே சொல்லிவிடுமாம். நல்லது, சொல்லட்டும். ஆனால் அந்த மெஷினுக்குள் ரத்தம் போவதற்கு முன்னால், ஒரு மனிதரின் எதிரே உட்கார்ந்து "உங்க குடும்பத்துல யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்கிற வேலை ஒன்று இருக்கிறதே, அதில் நான் எப்படிக் குப்புற விழுந்தேன் என்பதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன். ஃபோனையெல்லாம் கவிழ்த்து வையுங்கள். கடைசி வரிசை, உங்களுக்கும்தான் சொல்கிறேன்.

செங்கல்பட்டில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் மரபணுப் பிரிவு தொடங்கியபோது அந்தப் பிரிவே நான் ஒருத்திதான். மாடிப்படிக்குப் பக்கத்தில் ஓர் அறை. வாசலில் 'மரபணு ஆலோசகர்' என்று பெரிய பலகை. அதை நிதானமாகப் படித்துவிட்டு "ஸ்கேன் எங்க எடுக்கறாங்க?" என்று கேட்டவர்கள்தான் அதிகம். என் வீட்டுக்காரர் வேலை அணுபுரத்தில் என்பதால் தினமும் அங்கிருந்து பஸ் பிடித்து வருவேன். வந்து சும்மா உட்கார்ந்திருப்பேன். நான் சும்மா இருப்பது நிர்வாகத்துக்குக் கண்ணை உறுத்தியது. ஆபரேஷனுக்குப் போகிறவர்களின் குடும்ப விவரப் படிவத்தை நிரப்பும் வேலையை என் தலையில் கட்டினார்கள். இவ்வளவு படித்தும் டிக் அடிக்கிற வேலையா என்று எனக்கு உள்ளுக்குள் எரிச்சல். அந்த எரிச்சலோடுதான் படிவத்தைத் தூக்கிக்கொண்டு போவேன். இதை ஏன் சொல்கிறேன் என்று போகப்போகத் தெரியும்.

ரேச்சலுக்கு அப்போது இருபத்து நாலு வயது. ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் சட்டைகளைச் சரிபார்க்கும் வேலை. குடல்வால் வீங்கி, காலை ஒன்பது மணிக்கு ஆபரேஷன் என்று முடிவாகியிருந்தது. அவள் அம்மா எஸ்தர் பொத்தேரியில் ஒரு ஹாஸ்டல் மெஸ்ஸில் சமையல்வேலை பார்த்தாள். அப்பா கம்பெனி பஸ் டிரைவர், அன்று ஷிப்டில் இருந்தார். குடும்பத்துக்கு வேடந்தாங்கல் பக்கம் ஒரு கிராமம். அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட தலைமுறையைத் தாண்டி, இரண்டு பெண்களையும் படிக்கவைத்து மேலே ஏறி வந்தவர்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது ரேச்சலைத் தள்ளுவண்டியில் தியேட்டர் வாசலுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். சுற்றிலும் சபைக்காரர்கள் ஏழெட்டுப் பேர் கண்ணை மூடி ஜெபம் செய்துகொண்டிருந்தார்கள். வண்டியைத் தள்ளுகிறவர் "டைம் ஆவுது, டைம் ஆவுது" என்று முனகினார். கடைசி "ஆமென்" சொன்ன வாய் மூடுவதற்குள் நான் பேனாவைத் திறந்தேன்.

"சொந்தத்துல கல்யாணமா?"

"ஆமா மேடம். என் தாய்மாமனத்தான் கட்டிக்கினேன்."

"குடும்பத்துல யாருக்கும் மயக்க மருந்தால பிரச்சனை ஒண்ணும் வரலையே?"

எஸ்தர் என்னைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். "ஒண்ணும் இல்ல மேடம். ஆண்டவர் கிருபையில ஒண்ணும் கெடையாது."

'இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். வண்டியின் கம்பியைப் பிடித்திருந்த அவள் கை நடுங்கியதைப் பார்த்தேன். மகளை ஆபரேஷனுக்கு அனுப்புகிற அம்மாவுக்குக் கை நடுங்காதா என்று நினைத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டேன். மரபணு படித்தவள் நான். தாய்மாமனைக் கட்டியவள் என்று ஒரு தாய் சொல்கிறாள், அவள் கை நடுங்குகிறது, நான் டீ குடிக்கப் போகிறேன். என்ன சொல்லித் திட்டிக்கொள்வது என்னை?

ஒன்றே ஒன்றை மட்டும் விளக்கிவிடுகிறேன், மற்றதெல்லாம் உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. மூச்சுக்குழாய் போடுவதற்கு முன் உடம்பின் தசைகளை ஒரேயடியாகத் தளர்த்துவதற்கு ஓர் ஊசி உண்டு. ரத்தத்தில் இருக்கிற ஒரு நொதி சில நிமிடத்தில் அதைச் சிதைத்துவிடும், மூச்சு திரும்பிவிடும். அந்த நொதிக்கான ஜீன், அம்மாவிடமிருந்து வந்ததும் அப்பாவிடமிருந்து வந்ததும் இரண்டுமே பழுதாக அமைந்துவிட்டவர்களுக்கு ஊசியின் வேலை மணிக்கணக்கில் நீளும். அதுவரை மூச்சுவிடும் தசையும் அசையாது. வாழ்நாள் முழுக்க அவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது. ஓடுவார்கள், சிரிப்பார்கள், பிள்ளை பெறுவார்கள். அந்த ஊசி போடுகிற நாள் வந்தால்தான் தெரியும்.

பதினொரு மணிக்கு இரண்டாவது டீ குடித்து டம்ளரை வைப்பதற்குள் என்னைத் தியேட்டருக்குக் கூப்பிட்டார்கள். எங்கள் மயக்க மருந்து டாக்டர் எப்போதும் கிண்டல் பேசிக்கொண்டே வேலை செய்கிற மனிதர். அன்று அவர் முகத்தில் அது இல்லை. ஆபரேஷன் முடிந்து, மயக்க வாயுவை நிறுத்தி அரை மணிக்கு மேல் ஆகியிருந்தது. ரேச்சல் மூச்சு விடவில்லை, விரல்கூட அசையவில்லை. நர்ஸ் அவள் கன்னத்தைத் தட்டி "மூச்சு வுடும்மா, இழுத்து வுடும்மா" என்று கத்திக்கொண்டிருந்தாள். டாக்டர் என் படிவத்தைத் தூக்கிக் காட்டினார்.

"இது நீங்க எழுதினதுதானே?"

"ஆமா சார்."

"போய்த் திரும்பக் கேளுங்க. ஓடுங்க."

ஓடினேன். எஸ்தர் படிக்கட்டில் பைபிளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தேன். "ரேச்சலுக்குத் தானா மூச்சு வரல. நாங்க மெஷின்ல குடுத்துக்கிட்டிருக்கோம். உங்க குடும்பத்துல ஆபரேஷனுக்குப் போய் யாருக்காவது எதாவது ஆயிருக்கா? எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

அவள் பைபிளை மடியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். "எங்க பெரியக்கா" என்றாள்.

"என்ன ஆச்சு அவங்களுக்கு?"

"கொழந்த போதும்னு ஆபரேஷனுக்குப் போனா. சாயங்காலம் வூட்டுக்கு வந்துர்லாம்னாங்க. மயக்கம் தெளியவே இல்ல மேடம். துணி சுத்திதான் கொணாந்தாங்க."

"ஏம்மா, அப்பவே கேட்டேனே, ஏன் சொல்லல?"

எஸ்தருக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னா மேடம் பேசறீங்க? புள்ள உள்ள போவுது. ஜெபம் பண்ணி முடிச்ச வாயால சாவு பேச்சு பேசுவாங்களா? உங்க வூட்ல பேசுவீங்களா?"

பேசமாட்டோம். எங்கள் வீட்டிலும் பேசமாட்டோம். நல்ல காரியத்துக்குக் கிளம்புகிற நேரத்தில் செத்தவர் கதையை எந்த வீட்டில் பேசுவார்கள்? பேசவே முடியாத இடத்தில், பேசவே முடியாத நேரத்தில் கேட்டது நான்.

குடும்பப் படம் வரைவது எனக்குக் கைப்பழக்கம். உங்களுக்கும் இனி அதுதான் பிழைப்பு. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர் என்றால் அதன்மேல் ஒரு குறுக்குக்கோடு. படிவத்தின் பின்பக்கத்தில் எஸ்தருக்கு ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் அக்காவுக்கு ஒரு வட்டம் போட்டுக் கோடு இழுத்தேன். "அவங்க பேரு?"

"வேணாம் மேடம். அந்தப் பேர எங்க வூட்ல யாரும் சொல்றதில்ல."

வற்புறுத்த நேரமில்லை. உள்ளே ஓடிப்போய்ச் சொன்னேன். டாக்டர் ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தார். "அப்படின்னா இந்தப் பொண்ணு முழிச்சுக்கிட்டு இருக்கு" என்றார். தியேட்டரில் அதன் பிறகு யாரும் கத்தவில்லை. அவர் குனிந்து ரேச்சலின் காதருகே பேசினார். "பாப்பா, உனக்கு ஒண்ணும் இல்ல. ஊசியோட வேலை இன்னும் முடியல, அவ்வளவுதான். மூச்சு நாங்க குடுத்துக்கிட்டிருக்கோம். பயப்படாம தூங்கு." தூங்குவதற்கு மருந்து போட்டார். மதியம் இரண்டு மணிக்கு மேல்தான் அவளுடைய வலது கைக் கட்டைவிரல் முதலில் அசைந்தது. நான் அதுவரை சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தேன். யாரும் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் வார்டில் போய் அவளைப் பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு எல்லாம் கேட்டுச்சு மேடம். மூச்சு வுடு, கண்ண தொறன்னு சொன்னாங்க. நானும் தொறக்கத்தான் பாத்தேன், கண்ணு என் பேச்ச கேக்கல. ஒரு சிஸ்டரு 'போயிடுச்சா டாக்டர்?'னு கேட்டாங்க. நான் போவல, இங்கதான் கீறேன்னு உள்ளாறயே கத்திக்கினு கெடந்தேன். யாருக்கும் கேக்கல."

அவள் படுத்திருந்த அந்த நேரத்தில் நான் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

ரத்தப் பரிசோதனையில் நினைத்ததே வந்தது. அந்த நொதி அவளுக்குக் கிட்டத்தட்ட இல்லை. ஜீன் பரிசோதனையும் அதையே சொன்னது: இரண்டு பிரதியும் பழுது. 'இந்த ஊசியை எனக்குப் போடக்கூடாது' என்று ஊசியின் பெயரோடு ஒரு சின்ன அட்டை செய்து கொடுத்தேன். அதைத் தன் ஃபோன் உறைக்குள் செருகிவைத்துக்கொண்டாள். அடுத்த கேள்வி அவள் தங்கை ஷீபாவைப் பற்றியது. அம்மாவிடமும் அப்பாவிடமும் ஆளுக்கு ஒரு பழுது இருப்பதால், கூடப் பிறந்தவளுக்கும் அதே மாதிரி அமைந்திருக்க நாலில் ஒரு பங்கு வாய்ப்பு.

"ஷீபாவைக் கூட்டிட்டு வாங்க. ஒரு டியூப் ரத்தம், அவ்வளவுதான்" என்றேன்.

எஸ்தர் தலையை ஆட்டினாள். ஷீபாவுக்கு இருபத்திரண்டு வயது, பொத்தேரியில் கடைசி வருடப் படிப்பு. அணுபுரத்தில் வேலை பார்க்கும் ஒரு பையன் வீட்டோடு கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

"ஜீனு கோளாறுன்னு ஒரு வார்த்த வெளிய போனா போதும் மேடம். பைத்தியமா, பரம்பர வியாதியான்னு ஊரே பேசும். பெரியவளுக்கு வந்தது வந்துச்சு. சின்னவள வுட்ருங்க. கல்யாணம் முடியட்டும், நானே கூட்டிகினு வரேன். அதுவரிக்கும் அவளுக்கே தெரிய வேணாம்."

ரேச்சலைப் பார்த்தேன். "அம்மா சொல்றபடி, மேடம்" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

எனக்கு உள்ளுக்குள் உறுத்தியது. ஆனால் நான் அந்தக் குடும்பத்துக்கு ஏற்கெனவே பட்ட கடன் ஒன்று இருப்பதாக நினைத்தேன். என் டிக்கால் அவர்கள் மகள் பட்டது போதும், இனி அவர்கள் கேட்பதைக் கொடுத்துவிடுவோம் என்று தோன்றியது. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். கோப்பில் ஒரு வரி எழுதினேன்: 'தங்கை குறித்துக் குடும்பத்தினர் பின்னர் முடிவு செய்வார்கள்.' பார்க்க எவ்வளவு பதவிசான வாக்கியம். என் சர்வீஸில் நான் எழுதியதிலேயே கோழைத்தனமான வாக்கியம் அதுதான். முதல் தப்பு அவசரத்தில் செய்தது. இது நிதானமாக, நாற்காலியில் உட்கார்ந்து, நல்ல கையெழுத்தில் செய்தது.

நாலைந்து மாதம் போனது. ஒரு நாள் மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன், ஃபோன் அடித்தது. ரேச்சல். மூச்சு வாங்கக் கிசுகிசுத்தாள்.

"மேடம், ஷீபா வண்டியில போய் அடிபட்டுட்டா. மகாபலிபுரம் ரோட்டுல. வயித்துக்குள்ள ரத்தம் ஒழுவுதாம், இப்பவே ஆபரேஷனாம். இங்க பக்கத்துல ஒரு சின்ன ஆஸ்பத்திரியில கீறோம்."

"மயக்க டாக்டர்கிட்ட சொல்லிட்டியா?"

பின்னால் யாரோ ஜெபம் செய்கிற சத்தம் கேட்டது.

"ரேச்சல், சொல்லிட்டியா இல்லியா?"

"அம்மா வேணாங்கறாங்க. மாப்ள வூட்டுக்காரங்க எல்லாரும் இங்கதான் நிக்கறாங்க. மாப்ளதான் வண்டி ஓட்னது, அவருக்குக் கையில செராய்ப்புதான். அவங்கம்மா எங்கம்மா கையப் புடிச்சிக்கினு ஜெபம் பண்ணிக்கினு கீறாங்க. இன்னா மேடம் பண்ணட்டும் நான்?"

"போய்ச் சொல்லு. இந்த நிமிஷம்."

"நீங்களே சொல்லுங்க மேடம். நான் சொன்னா எங்கம்மா செத்துருவாங்க."

"சரி, டாக்டர் கையில ஃபோனக் குடு."

அவள் நடக்கிற சத்தம் கேட்டது. ஜெபச் சத்தம் பெரிதாகி வந்து "ஆமென்" என்று அடங்கியது. பிறகு ஓர் ஆண் குரல், அவசரமாக: "இங்க ஒரு கையெழுத்து போடுங்கம்மா. குடும்பத்துல யாருக்கும் மயக்க மருந்து பிரச்சனை ஒண்ணும் இல்லல்ல?"

எஸ்தரின் குரல்: "ஒண்ணும் இல்ல டாக்டர். ஆண்டவர் கிருபையில ஒண்ணும் கெடையாது."

என்னிடம் சொன்ன அதே வார்த்தைகள். ஒன்றுகூட மாறவில்லை. "இருக்கு டாக்டர்! இருக்கு!" என்று என் அறையில் நின்றுகொண்டு கத்தினேன். பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் எட்டிப்பார்த்தார்கள். ஃபோனுக்கு மிக அருகில் எஸ்தர் "யாராண்ட பேசிக்கினு கீற நீ?" என்று கேட்டது காதில் விழுந்தது. இணைப்பு துண்டானது. திரும்ப அழைத்தேன். ஃபோன் அணைக்கப்பட்டிருந்தது.

அங்கே போய்ச் சேர முக்கால் மணி நேரமாவது ஆகும். தியேட்டருக்குள் அந்த ஊசி போட சில நிமிடம் போதும். ஊசி போட்டாலும் மூச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தால் பிழைத்துக்கொள்வாள், அது எனக்குத் தெரியும். ஆனால் அது சின்ன ஆஸ்பத்திரி. என்ன நடக்கிறது என்றே தெரியாமல், ரத்தம் போய்க்கொண்டிருக்கும் பெண்ணை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்? தெளிந்துவிட்டாள் என்று நினைத்துக் குழாயை எடுத்துவிட்டால்? ரேச்சலின் பெரியம்மாவுக்கு அப்படித்தான் ஏதோ நடந்திருக்க வேண்டும்.

மகாபலிபுரம் பக்கத்து ஆஸ்பத்திரிகளின் எண்களைத் தேடி அடித்தேன். முதல் இடத்தில் அப்படி யாரும் வரவில்லை என்றார்கள். இரண்டாவது இடத்தில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு பெண் எடுத்தாள்.

"ஷீபான்னு ஒரு பொண்ணு, வண்டியில அடிபட்டு வந்தது, அங்கதான் இருக்கா?"

"ஆமா மேடம், தியேட்டருக்குள்ள போயிடுச்சு."

"மயக்க டாக்டர்கிட்ட உடனே பேசணும்மா."

"அவரு உள்ள கீறாரு. நீங்க பேஷன்ட்டுக்கு இன்னா வேணும்?"

என்ன வேண்டும்? ஷீபாவை நான் பார்த்ததுகூட இல்லை. அவள் என் நோயாளி இல்லை. என் நோயாளி அவள் அக்கா. அந்த அக்காவின் ரகசியம்தான் என் வாயில் இருந்தது. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். முகம் தெரியாத ஒரு வரவேற்பறைப் பெண்ணிடம் அதைச் சொல்ல எனக்கு எந்த விதியிலும் இடமில்லை.

"மேடம், லைன்ல கீறீங்களா?"

சொன்னேன். நான் யார், எங்கே வேலை, ரேச்சலுக்கு என்ன நடந்தது, எல்லாவற்றையும் கொட்டினேன். "ஊசி பேரு சொல்றேன், ஒரு சீட்டுல எழுதிக்கோ. எழுந்து போய் உள்ள குடும்மா."

"ஐயோ, நான் உள்ள போவக்கூடாது மேடம். என் வேல போயிடும்."

"போனா நான் வாங்கித் தரேன்! எழுந்திருடி!"

எனக்கு எங்கிருந்து அந்த 'டி' வந்ததோ தெரியாது. மறுமுனையில் பேனா கிறுக்கும் சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால் வேறொரு சத்தம், தடதடவென்று.

"இருங்க மேடம், இங்க ஒரே பேஜாரா கீது. ஒரு பொண்ணு தியேட்டர் கதவ ஒடைக்கிறா மாதிரி இடிச்சிக்கினு கீது."

"அவள உள்ள விடு! அவளத்தான் விடணும்!" என்றேன். ரிசீவரை அப்படியே போட்டுவிட்டு அந்தப் பெண் ஓடினாள்.

அங்கே நடந்ததைப் பிறகு ரேச்சல் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஃபோனைப் பிடுங்கியது எஸ்தர். அந்த ஃபோன் உறைக்குள்தான் அட்டை இருந்தது. அதனால் ரேச்சல் கையில் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை, வாய் மட்டும்தான். கதவைத் திறந்துகொண்டு வந்த டாக்டரிடம், மாப்பிள்ளையும் மாப்பிள்ளையின் அம்மாவும் ஊரும் கேட்க, அவள் சொன்னாள்: "எனக்கு ஆச்சு டாக்டர். அந்த ஊசி போட்டு நாலு மணி நேரம் பொணமா கெடந்தேன். எல்லாம் கேட்டுக்கினு கெடந்தேன். எங்க பெரிம்மா அதுலதான் செத்தாங்க. என் தங்கச்சிக்குப் போட்றாதீங்க."

ஊசி அப்போது சிரிஞ்சில் ஏற்றித் தயாராக இருந்ததாம். டாக்டர் உள்ளே போய் அதை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு வேறு மருந்து போட்டார். வரவேற்பறைப் பெண்ணின் சீட்டு ஒரு நிமிடம் கழித்துப் போய்ச் சேர்ந்தது. அவள் வேலையும் போகவில்லை, விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

நான் திருக்கழுக்குன்றம் வழியாக ஆட்டோவில் போய் இறங்கியபோது ஷீபா கண்விழித்திருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் கிளம்பியிருந்தார்கள். எஸ்தர் என்னைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கல்யாணப் பேச்சு அந்த வாரமே நின்றது. அவர்கள் சண்டை எதுவும் போடவில்லை, ஃபோன் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

இப்போது கவனமாகக் கேளுங்கள். ஷீபாவின் ரத்தத்தையும் பரிசோதித்தோம். அவளுக்கு ஒரு பிரதிதான் பழுது, மற்றது நன்றாக இருந்தது. அந்த ஊசியைப் போட்டிருந்தாலும் மூச்சு திரும்பக் கொஞ்சம் தாமதமாகியிருக்கும், பெரும்பாலும் அவ்வளவுதான். ரிசல்ட்டைச் சொன்ன அன்று எஸ்தர் என் அறையில் எழுந்து நின்றாள்.

"அப்ப ஒண்ணுமே இல்லாததுக்கா என் பொண்ணு கல்யாணம் நின்னுச்சு?"

"ஆமாம்மா" என்றேன். வேறென்ன சொல்வது?

"நல்லா இருப்பீங்க மேடம் நீங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். அது வாழ்த்து இல்லை என்று உங்களுக்கும் தெரியும்.

ஷீபா போகவில்லை. வயிற்றுத் தையலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள். அம்மா திட்டிவிட்டாள், இவளாவது நன்றி சொல்வாள் என்று ஓர் அற்ப ஆசை எனக்கு.

"மேடம், எனக்கு இருபத்திரண்டு வயசு. ஓட்டு போடறேன், வண்டி ஓட்டறேன், நாலு மாசத்துல சம்பாதிக்கப் போறேன். என் உடம்புக்குள்ள ஒண்ணு இருக்கலாம்னு உங்களுக்குத் தெரியும், எங்கம்மாவுக்குத் தெரியும், எங்கக்காவுக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. என்னை யாராவது ஒரு வார்த்த கேட்டீங்களா? கேட்டிருந்தா நானே அன்னிக்கே டெஸ்ட் எடுத்திருப்பேன். ஒரு பிரச்சனையும் இல்லன்னு தெரிஞ்சிருக்கும். எங்கக்கா யார் முன்னாடியும் கத்தியிருக்க வேணாம்."

அவள் சொன்ன ஒவ்வொன்றும் சரி. நான் அன்று ஃபோனில் விதியை மீறியதைப் பற்றி உங்களில் யாராவது பின்னால் விவாதம் செய்வீர்கள், செய்யுங்கள். மீறியதற்காக நான் இன்றுவரை வருந்தவில்லை. அந்த மதியம் எங்கள் யார் கையிலும் ரிசல்ட் இல்லை. கையில் இருந்தது ஒரு செத்துப்போன பெரியம்மாவும், சாகப் பார்த்த ஓர் அக்காவும்தான். அதை வைத்துத்தான் முடிவெடுக்க முடியும். பின்னால் வந்த காகிதத்தைக் காட்டி அந்த முடிவை அளக்காதீர்கள். நான் வருந்துவது, மீறியே ஆகவேண்டிய நிலைமையை மாதக்கணக்கில் நானே உட்கார்ந்து வளர்த்தேன் என்பதற்கு. வயதுவந்த ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றி அவளைத் தவிர மற்ற எல்லோரிடமும் பேசி முடித்தேன்.

அதற்குப் பிறகு தியேட்டர் வாசலில் நான் யாரிடமும் படிவத்தை நீட்டியதில்லை. முந்தின நாளே வார்டுக்குப் போவேன். நாற்காலி இழுத்துப் போட்டு உட்காருவேன். டிக் அடிக்கும் பேனாவைப் பைக்குள் வைத்துவிட்டு, "உங்க குடும்பத்துல ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வராதவங்க யாரு?" என்று கேட்பேன். அழுவார்கள், திட்டுவார்கள், நேரமாகும். ஆகட்டும். நிர்வாகம் முணுமுணுத்தது. நானும் திருப்பி முணுமுணுத்தேன்.

எஸ்தர் அதற்குப் பிறகு என்னிடம் பேசவே இல்லை. ஷீபாவுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று ரேச்சல்தான் சொன்னாள். கல்யாணம் பற்றி நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

நான் ஓய்வுபெற மூன்று நாள் இருந்தது. மேசை டிராயரைக் காலிசெய்துகொண்டிருந்தேன். ஆபரேஷன் பட்டியலில் எஸ்தரின் பெயரைப் பார்த்தேன். மறுநாள் பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன். அவளுக்கும் ஒரு பிரதி பழுது உண்டு, அது கோப்பில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறது, டாக்டருக்கும் தெரியும். நான் போகவேண்டிய அவசியமே இல்லை. அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்றும் தெரியும். சாயங்காலம் நாலு மணிக்குக் கோப்பை எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனேன், கொஞ்சம் பயந்துகொண்டேதான்.

கட்டிலைச் சுற்றிச் சபைக்காரர்கள் நின்றிருந்தார்கள். ரேச்சலும் ஷீபாவும் கால்மாட்டில் இருந்தார்கள். ஜெபம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. வாசலிலேயே நின்றேன். எஸ்தர் கண்ணைத் திறந்தவள் என்னைப் பார்த்துவிட்டாள். கையைத் தூக்கி ஜெபத்தை நிறுத்தினாள்.

"இருங்க. மொதல்ல மேடம் கேக்கறத கேக்கட்டும். அப்புறம் ஜெபம் பண்ணலாம்."

நாற்காலியை ஷீபா இழுத்துப் போட்டாள். உட்கார்ந்தேன். கோப்பை மடியில் விரித்தேன். எஸ்தர் என் மடியிலிருந்த கோப்பைப் பார்த்தாள். அதில் அந்தப் பழைய படிவத்தின் பின்பக்கம் திறந்திருந்தது: அவசரத்தில் நான் போட்ட கோணல் வட்டங்கள், ஒன்றின்மேல் மட்டும் குறுக்குக்கோடு. அதன் அருகே விரலை வைத்தாள்.

"இது எங்கக்காவா?"

"ஆமாம்மா."

"பேரு எழுதல."

"நீங்க சொல்லலையே."

எஸ்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சபைக்காரர்கள், மகள்கள், பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"சலோமி. வூட்ல சாலம்மான்னு கூப்புடுவோம். எழுதிக்கோ மேடம்."